தண்ணீர் படாத கல்

மறியல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே மணிமொழி கைக்குட்டையில் ஒரு மரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பதினோராம் வகுப்புக்காரி. எதையாவது எடை போட்டுத் தண்ணீரில் முக்கிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சேலம் ரோட்டில் வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் துண்டு அது. ஒரு வாரமாகக் கள்ளக்குறிச்சிக்குள் வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. தனி ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் இறங்கி, வெள்ளைக்காரன் காலத்து மரங்களையெல்லாம் அடியோடு அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, தபால் இல்லை. இப்போது மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டு ஒற்றை வழி விட்டிருந்தார்கள். ஊர் ஒன்றும் நடக்காதது போல் பழையபடி டீ குடிக்க ஆரம்பித்திருந்தது.

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் அந்தத் துண்டைக் கையில் வாங்கினாள். ஒரு பக்கம் ரம்பம் போன தடம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ரம்பத்தின் ஒரு முனையைத் தன் தம்பி பூமாலை பிடித்திருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. மறியலின் முதல் நாள் விடியற்காலையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருப் பையன்களோடு போனவன். மறியலில் பிடிபட்டவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவன் மட்டும் வரவில்லை. ஆனால் பெண்பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு இவள் முகத்தையே பார்க்கிறார்கள். டீச்சராக இருப்பதில் இது ஒரு தொல்லை, அழுவதற்குக்கூட மணி அடிக்க வேண்டும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் தராசில் வைக்கச் சொன்னாள்.

இருநூற்றிருபது கிராம் இருந்தது. அளவு ஜாடியில் நானூறு வரை தண்ணீர் ஊற்றி, துண்டை உள்ளே விட்டார்கள். மரம் என்றால் மிதக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் அறுநூறுக்கு ஏறியது. எடையைக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி. ஒன்றுக்கு மேலே வந்தால் முழுகும், கீழே வந்தால் மிதக்கும். பச்சைப் புளி ஒன்று புள்ளி ஒன்று. மணிமொழி உடனே, இதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த கதை தனி. மத்திய சர்க்கார் திட்டத்தில் ஒரே ஒரு பெட்டி அந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்து, யாரும் தொடப் பயந்து, இரண்டு கோடை விடுமுறை துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. கடைசியில் இயற்பியல் படித்தவள், கல்யாணமாகாதவள், வீட்டில் சமைக்க அம்மா இருக்கிறாள் என்று மூன்று காரணம் கண்டுபிடித்து, தலைமையாசிரியை செல்வியைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அவள் திரும்பி வந்து, கறுப்பு வெள்ளை டீவியைத் திரையாக மாட்டி, பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரில் புரோகிராமைப் பதிந்து வைத்து, தட்டுத்தடுமாறி ஒரு விளையாட்டு எழுதினாள். திரையில் ஒரு தொட்டி, தொட்டி நிறையச் சாம்பல் நிறத்தில் தண்ணீர். ஒரு எண்ணை அழுத்தினால் ஒரு பொருளின் பெயர் வரும், முழுகுமா மிதக்குமா என்று கேட்கும். பதில் சொன்னதும் பொருள் மேலிருந்து தொப்பென்று விழுந்து தொட்டியின் நடுவரைக்கும் போகும். அங்கிருந்து அதன் அடர்த்தி ஒன்றைவிட அதிகமென்றால் ஒரு படி கீழே, குறைவென்றால் ஒரு படி மேலே, அடியையோ மேல்மட்டத்தையோ தொடுகிறவரை நகர்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதற்காக மதியச் சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

விளையாட்டில் ஒன்பதாவது பொருள் பூமாலை. அந்தக் குறும்பு அவனுடையதுதான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை சீசனுக்கு மட்டும் வேலை பார்த்துவிட்டு, மற்ற மாதங்களில் அக்காவைக் கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்தவன். செங்கல்லையும் வெல்லத்தையும் அளக்கிறியே, மனுசனை அளந்தியா என்று கேட்டான். சித்திரை வெயிலில் களமருதூர் நிலத்துக்குப் போயிருந்தபோது, மோட்டார் கொட்டகையில் கிடந்த தகர டிரம்மில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே குந்தினான். இவள் அவன் உச்சந்தலையைக் கையால் அமுக்கி முழுதாக முக்கினாள். அவன் ஏறி வந்த பிறகு, வழிந்து போன தண்ணீரை லிட்டர் படியால் திரும்ப ஊற்றி எண்ணியதில் ஐம்பத்தொன்பது வந்தது. ஆலைத் தராசில் அவன் எடை ஐம்பத்தெட்டு. ஆகவே பூமாலையின் அடர்த்தி பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல எட்டு வரிசையில் எட்டுப் புள்ளி வைத்து அவனை ஒரு சின்ன வெள்ளை மனிதனாகச் செய்து தொட்டியில் விட்டாள். விழுந்தான், நடுவில் நின்றான், மேலே வந்தான், தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தன்னையே திரையில் பார்த்துவிட்டு, “எத்தினி தபா தள்ளி வுட்டாலும் மேல வந்துடுவேன் போலக்குது” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது செல்வியின் காதில் வேண்டாத நேரத்திலெல்லாம் கேட்டது.

புளியமரத்தின் எண்ணைத் தேக்குக்கு அடுத்ததாகச் சேர்த்தாள். அதற்குள் மணி அடித்தது, பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள். சப்ரின், கடைவீதி ஜவுளிக்கடை வீட்டுப் பெண், எப்போதும் ஒன்பதைத்தான் அழுத்துவாள். அன்றும் அழுத்தினாள். வெள்ளை மனிதன் விழுந்தான், நடுவில் ஒரு கணம் நின்றான், பிறகு கீழே இறங்க ஆரம்பித்தான். படிப்படியாக, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கி, அடியைத் தொட்டு அங்கேயே இருந்தான். யாரோ ஒருத்தி சிரிக்க வாயெடுத்து, பக்கத்திலிருந்தவள் கிள்ளியதும் அடங்கினாள். டவுனில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

“டீச்சர்,” என்றாள் சப்ரின், கையை இழுத்துக்கொண்டு. “நான் ஒண்ணும் பண்ணலீங்க டீச்சர்.”

 செல்வி புரோகிராமின் வரிகளை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். தவறு தெரிந்தது. பெயர்கள் ஒரு வரியில், எண்கள் இன்னொரு வரியில். அவசரத்தில் புளியின் எண்ணைச் சேர்த்தவள் பெயரைச் சேர்க்கவில்லை. எல்லா எண்ணும் ஒரு இடம் தள்ளிப் போய், எட்டாவதான கருங்கல்லின் இரண்டு புள்ளி ஏழு, ஒன்பதாவதான பூமாலையின் மேல் ஏறிவிட்டது. புதிதாக எழுதுகிற யாருக்கும் வருகிற தவறுதான், பயிற்சியில் அவளே பத்துத் தடவை செய்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னாள். புளியமரத்தையே எடுத்துவிட்டாள். பூமாலை திரும்பவும் மேலே வந்து தலையை நீட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லித் துணியைப் போர்த்தினாள்.

வீட்டில் அம்மா பச்சையம்மாள் மலைக்குப் போயே ஆக வேண்டுமென்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். பூமாலையைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வண்டி வந்தது, பையன்கள் சிதறி ஓடினார்கள், கோமுகி ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிலர் அதில் குதித்தார்கள். இதுவரைக்கும் எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒருவன் அவனை அக்கரையில் பார்த்தேன் என்றான். இன்னொருவன் அவன் தோள்துண்டு மட்டும் தண்ணீரோடு போனதைப் பார்த்தேன் என்றான். ஜெயில்களில் விசாரித்ததில் அந்தப் பெயரே இல்லை. கேஸுக்குப் பயந்து மலையில் ஒளிந்திருப்பான் என்று பங்காளிகள் முதலில் ஆறுதல் சொன்னார்கள். இப்போது ஆறுதலை நிறுத்திவிட்டு, ஆற்றங்கரையில் ஒரு காரியம் பண்ணிவிட்டால் நல்லது என்று மெதுவாக ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குச் சோறு எடுத்து வைப்பதா, பிண்டம் வைப்பதா. அது தெரியாமல் அவள் தினமும் ஒரு கிண்ணம் சோற்றை மூடி வைத்துவிட்டு, மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாட்டுக்குக் கொட்டினாள்.

செல்விக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் மரம் மட்டும் விழவில்லை. சில ஊர்களில் காலனிக் குடிசைகளும் எரிந்தன. தம்பி ரம்பத்தை மட்டும்தான் தொட்டானா என்று அவளுக்குத் தெரியாது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று மனசு சொல்லும். கூட்டத்தோடு போனவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்குத் தெரியும் என்று அதே மனசு அடுத்த நிமிஷம் கேட்கும். உயிரோடு வந்தால் போதும், கன்னத்தில் ஒரு அறை விட்டு, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள்.

கரும்பு வெட்ட இறங்கி வரும் மலைக்காரர்கள் மூலமாக அம்மாவுக்கு மலையில் இருக்கிற ஒரு கல்லைப் பற்றித் தெரியும். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்பதற்கென்றே உள்ள கல். பெற்றவளோ கூடப் பிறந்தவர்களோ எதிரே உட்கார்ந்து, மனசுக்குள் பெயரைச் சொல்லி, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். ஆள் உயிரோடு இருந்தால் கல் எழும்பும். இல்லையென்றால் எழும்பாது. ஒரு ஆளைப் பற்றி ஒருத்தர் ஒரு தடவைதான் கேட்கலாம். செல்வி மறுப்பேதும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பள்ளிக்கூடத்து வில்தராசையும் நாலு முழம் கயிற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். கல்லைத் தூக்குகிறவளின் பயமும் ஆசையும் கைக்கு வரும், தராசுக்கு வராது. அம்மாவுக்கு எழும்பாமல் போனால், நிறுத்துக் காட்டி, அது எப்போதும் ஒரே எடைதான் என்று அவள் மனசைத் தேற்றலாம் என்பது அவள் கணக்கு.

மலையில் புரட்டாசி மாத மூட்டம். வெள்ளிமலையில் இறங்கிச் சாமைக் கொல்லைகளின் வரப்பில் நடந்தபோது, பத்தடிக்கு முன்னால் போகிற அம்மாவின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கல் இருந்த இடம் கோயில் மாதிரியே இல்லை. கூரை தாழ்ந்த ஒரு மண் குடிசை, சாணம் மெழுகிய தரை, நடுவில் ஒரு மணைப்பலகை. அதன் மேல், உரித்த பெரிய தேங்காய் அளவுக்கு, மழமழவென்று கறுத்த ஒரு கல். விளக்கு இல்லை, பூ இல்லை. காவல்காரர் பச்சமுத்து ஐம்பது வயதுக்காரர், தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் அவர்களைக் கால் கழுவச் சொன்னார். கழுவினால் மட்டும் போதாதாம், பாதத்தையும் கையையும் ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

“இதும் மேல தண்ணி மட்டும் படக் கூடாதும்மா,” என்றார். “எண்ணெய் தேய்ப்போம், மஞ்சத்தூளு தூவுவோம். மழைக்குக் கூரை ஒழுவினாக்கூடக் கல்லத்தான் மொதல்ல மூடுவோம்.”

ஏன் என்று செல்வி கேட்டாள். அவர் அப்படியொரு கேள்வியையே கேள்விப்படாதவர் போல அவளைப் பார்த்துவிட்டு, எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்று மட்டும் சொன்னார்.

அம்மா முதலில் உட்கார்ந்தாள். முட்டி மடங்காத கிழ உடம்பு, ஒரு குடம் தண்ணீரை இடுப்புக்குக் கொண்டு வருவதற்குள் மூன்று தடவை முனகுகிறவள். கண்ணை மூடினாள், உதடு அசைந்தது, கையைக் கொடுத்தாள். கல் அவள் மார்பு வரைக்கும் வந்தது. தூங்குகிற குழந்தையை எடுப்பது போல எடுத்தாள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள், இறக்கவே மனசில்லாமல் இறக்கினாள். பிறகு சிரித்தாள். அத்தனை நாளுக்கு அப்புறம் அன்றுதான் செல்வி அம்மாவின் பல்லைப் பார்த்தாள். கல்லாவது மண்ணாவது, இந்தச் சிரிப்பு போதும் என்று நினைத்தாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அம்மா, “நீயும் பாருடி, ஒனக்கும் தம்பிதான” என்றாள்.

செல்வி உட்கார்ந்து, பூமாலை என்று மனசுக்குள் சொல்லி, கையைக் கொடுத்தாள். கல் அசையவில்லை. விரல் நுனியில் பலகைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. கல் பலகையில் இல்லாமல் பூமிக்குள்ளிருந்து வளர்ந்து வந்தது போல இருந்தது. தோள் நரம்பு புடைத்தது, மூச்சு வாங்கியது. கூரையின் விளிம்பில் மூட்டம் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வெளியே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், இவளைப் பார்க்கவில்லை. பச்சமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் எழும்பிச்சும்மா,” என்றாள் செல்வி.

 அம்மா, மலைக்காரர் வீட்டில் குடிக்கக் கஞ்சி தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பிள்ளை கிடைத்துவிட்டவள் போல வேகமாக நடந்து போனாள். அவள் மூட்டத்துக்குள் மறைந்த பிறகுதான் பச்சமுத்து பேசினார், அதுவும் கூரையைப் பார்த்துக்கொண்டு. “ஒரே ஆளுக்கு ரெண்டு வெதமா வந்தா, கல்லு இன்னும் தேடிக்கினுக்குதுன்னு சொல்வாங்க, டீச்சரம்மா. எங்கப்பா காலத்துல ஒருக்கா வந்துக்குது. நான் இப்பத்தான் பாக்கிறேன்.” அப்புறம் அம்மாவுக்கு வழி காட்ட அவரும் போனார்.

செல்வி தனியாக இருந்தாள். பயந்தால் மணிக்கட்டு தளர்ந்து போகும், அதுதான் நடந்தது என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டாள். இந்தத் தடவை பெயரைச் சொல்லாமல், ஒன்றையும் கேட்காமல் கையைக் கொடுத்தாள். கல் வந்தது. சாதாரணக் கல், சாதாரணக் கனம். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வில்தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கினாள். ஐந்து கிலோவும் கொஞ்சமும். முள் ஆடி அடங்கி அங்கேயே நின்றது. இவ்வளவுதான், நிறுத்தாகிவிட்டது, கல்லைத் திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் எடை மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்த மாதிரி. அது அவளுடைய வேலைக் குணம். காற்றில் நிறுத்த பொருளைத் தண்ணீரிலும் நிறுக்காமல் விட்டால் அவளுக்குக் கணக்கு முடியாது. கருங்கல் என்றால் தண்ணீரில் மூன்று கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும், முழு எடையைத் தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் இரண்டு புள்ளி ஏழு வர வேண்டும். வந்துவிட்டால் இது உலகத்தில் உள்ள எல்லாக் கல்லையும் போல ஒரு கல், இவள் தூக்க முடியாமல் போனது இவள் கையின் கோளாறு, தம்பி அக்கரைக்குப் போய்விட்டான். வாசலில் கால் கழுவிய வாளி இருந்தது. முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. அவள் ஒருமுறை மூட்டத்தைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தராசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

தண்ணீர் தொட்ட இடத்தில் முள் இறங்க ஆரம்பித்தது. நாலு. மூன்று. இங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு. உச்சந்தலையில் கை வைத்து டிரம்மில் அமுக்கியது ஞாபகம் வந்தது, மூச்சை இழுத்துப் பிடித்த அந்தக் கன்னம். ஒன்று. கல் முழுதும் உள்ளே போனபோது முள் பூஜ்யத்தில் இருந்தது. கயிறு தொய்ந்துவிட்டது. கல் வாளியின் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். உட்காரவில்லை. அடிக்கும் மேலுக்கும் நடுவில், எதையும் தொடாமல், லேசாகச் சுற்றிக்கொண்டு நின்றது. மேலேயும் வரவில்லை. கல்லின் கறுத்த முதுகில் ஒரே ஒரு நீர்க்குமிழி ஒட்டியிருந்தது. அது பிரிந்து மேலே வந்து உடைந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெடுக்கென்று கல்லை வெளியே எடுத்தாள், முள் பழையபடி ஐந்துக்கு ஓடியது. கயிற்றை அவிழ்த்து, முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்து, பலகையில் வைத்து, மஞ்சள்தூளை மேலே தூவிவிட்டு வெளியே வந்தாள். அம்மா கஞ்சி குடித்துவிட்டு, பூமாலைக்குப் பெண் பார்க்கிற அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பச்சமுத்து செல்வியின் முந்தானையைப் பார்த்தார். தொடை வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது இரக்கம். அது அவளுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

இறங்கி வருகிற பஸ்ஸில் அம்மா அவள் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள். கோமுகி அணையைத் தாண்டும்போது செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் முந்தானையைப் பிழிந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. கால் கழுவிய வாளித் தண்ணீர் வாசம் இல்லை அது. பாசி வாசம், ஆற்றோரம் ஊறிய நாணல் வாசம். வீட்டுக்கு வந்து கொடியில் போட்டாள். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தாள். மற்றதெல்லாம் காய்ந்திருக்க, அந்த முனை மட்டும் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் அம்மா பாடிக்கொண்டே பூமாலைக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா, எனக்குக் கல் எழும்பவில்லை என்று சொல்லச் செல்வி வாயைத் திறந்தாள். “இன்னாடி,” என்றாள் அம்மா, முகமெல்லாம் வெளிச்சமாக. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஏனென்று தெரியாமல் அந்த ஈரப்புடவையையே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் சப்ரினும் மணிமொழியும் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார்கள். டேப் கிரீச்சிட்டு ஓடி, தொட்டி திரையில் வந்தது. விளையாடுவதற்கு முன்னால் ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செல்வி எண்கள் இருக்கும் வரியை வரவழைத்தாள். கடைசியில் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு இருந்தது. அம்மாவிடம் பொய் சொல்லியாகிவிட்டது, காவல்காரருக்குத் தெரியாமல் கல்லுக்குத் தண்ணீர் காட்டியாகிவிட்டது. பொய் சொல்லாமல் இருக்க ஒரு இடமாவது வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மிதக்கிறான் என்று சொல்ல அவளிடம் ஆதாரமில்லை, முழுகிவிட்டான் என்று சொல்லவும் இல்லை. கண்ணால் பார்த்தது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும், பரிசோதனைக் கூடத்தில் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள்.

சப்ரின் ஒன்பதை அழுத்தினாள். வெள்ளை மனிதன் மேலிருந்து விழுந்தான். தொட்டியின் நடுவுக்கு வந்தான். நின்றான்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.  மணிமொழி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவன் உறைந்து போகவில்லை. நொடிக்குப் பல தடவை அழிந்து அழிந்து அதே இடத்தில் திரும்ப வந்துகொண்டிருந்தான், ஓரங்கள் மட்டும் லேசாகத் துடித்தன. செல்விக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றைவிட அதிகமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள். குறைவென்றால் என்ன என்றும் எழுதியிருந்தாள். ஒன்றாகவே இருந்தால் என்ன செய்வதென்று அவள் எழுதவே இல்லை. அப்படியொன்று வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடியைத் தொடுகிறவரை அல்லது மேல்மட்டத்தைத் தொடுகிறவரை திரும்பத் திரும்பச் செய் என்பது உத்தரவு. மெஷின் அதைச் செய்துகொண்டிருந்தது.

“டீச்சர்,” என்று மணிமொழி சன்னமாகக் கேட்டாள். “இவுரு மேல வருவாருங்களா, கீழ பூடுவாருங்களா?”

பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. பியூன் நாராயணசாமி. எப்போதும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, வரும்போதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிற மனிதர். இன்று சத்தமே இல்லாமல் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், கச்சிராயபாளையத்துலேர்ந்து ரெண்டு பேரு வந்துக்கிறாங்க. கேட்டாண்ட நிக்கிறாங்க. தம்பி விசயமாம்.”

“இன்னான்னு சொன்னாங்களா?”

“உங்ககிட்டதான் சொல்லணுமாம்.”

அவர் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கப் பயந்து, செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சப்ரின் டீச்சருக்கு உதவி செய்வதாக நினைத்து, புரோகிராமை நிறுத்துகிற பொத்தானின் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். செல்வி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்தமாகப் பிடித்தாள் போலிருக்கிறது, பெண் திரும்பிப் பார்த்தாள்.

“இருடி,” என்றாள் செல்வி. “கொஞ்சம் இரு.”

நாராயணசாமி வாசலிலேயே நின்றார். முந்தானை நுனியிலிருந்து ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று. திரையில், சாம்பல் நிறத் தண்ணீரின் நடுவில், சின்ன வெள்ளை மனிதன் கையை விரித்துக்கொண்டு துடித்துத் துடித்து நின்றுகொண்டிருந்தான்.